மைக் முன்னால் பத்து நொடி: உங்கள் வரியை நீங்களே வெட்டிக் கொடுங்கள்

சென்னை விமான நிலையத்தில் டெல்லிக்குக் கிளம்பும் தலைவர் காரை விட்டு இறங்கியதும் நாலாபக்கமும் மைக் நீளும். நாலைந்து நிமிடம் பேசிவிட்டு உள்ளே போய்விடுவார். அந்தப் பேச்சில் அன்று முழுக்க ஓடப்போவது ஒரே ஒரு வரி. சேனலில் செய்தியை வெட்டித் தொகுக்கிற டெஸ்க்கில் அதற்குப் பெயர் பைட். அதே வரி திரையின் அடியில் ஸ்க்ரோலாகப் போகும், பிரேக்கிங் என்று பெரிய எழுத்தில் வரும், கொஞ்ச நேரத்தில் அவர் படத்தோடு கார்டாகி உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் வந்து விழும். மீதி என்ன பேசினார் என்பது சேனல் சர்வரில் கிடக்கும். எடுத்துப் பார்ப்பவர் அபூர்வம்.

நான் தமிழ் செய்தி சேனல் ஒன்றின் டெஸ்க்கில் பல வருடம் பைட் வெட்டியவள். இப்போது வேளச்சேரி, பெரும்பாக்கம், எண்ணூர் பக்கம் குடியிருப்போர் சங்கமோ தொழிற்சங்கமோ கூப்பிட்டால், மைக் முன்னால் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்கப் போகிறேன். அரசியல்வாதிகளுக்கு எழுதிக் கொடுக்கவும் சொல்லிக் கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். தெருவில் தண்ணீர் நிற்கிறது, சம்பளம் வரவில்லை, பட்டா கிடைக்கவில்லை என்று வருடத்தில் ஒரே ஒரு நாள் மைக்கைப் பார்க்கிற ஆட்களுக்கு யாரும் இல்லை. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பேசியதை வெட்டப்போவது நீங்கள் இல்லை. உங்கள் தெருவைப் பார்த்திராத ஒருவர், அடுத்த புல்லட்டினுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வெட்டுவார். காதில் நிற்கிற வரியும் உங்கள் கோரிக்கையும் தனித்தனியாக இருந்தால், வரியை எடுத்துக்கொண்டு கோரிக்கையை விட்டுவிடுவார். அதனால் இரண்டையும் ஒரே மூச்சில் கட்டிவிட வேண்டும். கீழே நான் சொல்வதெல்லாம் இதற்கான வழிகள்தான்.

எவ்வளவு நேரம் கிடைக்கும்?

அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளை ஆராய்ந்த டேனியல் ஹாலின் ஒரு கணக்கு எடுத்தார். 1968 அதிபர் தேர்தல் செய்திகளில் ஒருவர் பேச்சை இடையில் வெட்டாமல் காட்டிய நேரம் சராசரியாக 43 நொடி. 1988 தேர்தலில் அது 9 நொடி. இருபது வருடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. இங்கே 24 மணி நேரச் செய்தி சேனல்கள் பெருகிய பிறகும் நிலைமை அப்படித்தான். எங்கள் டெஸ்க்கில் பெரிய தலைவர் என்றால் இருபது நொடி வரை விடுவோம், பொதுமக்கள் என்றால் பத்து. பத்து நொடியில் நிதானமாகப் பேசினால் பதினைந்து, இருபது சொற்கள் சொல்லலாம். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஒருமுறை பேசிப் பாருங்கள், பிடிபட்டுவிடும்.

தலைவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது

1967 தேர்தலில் அண்ணா ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றார். ‘மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று அதை மேடைதோறும் சொன்னார்கள். அதில் எதுகை, மோனை எல்லாவற்றையும் விட முக்கியமானது அந்தப் படி. அரிசி அளக்கிற வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த அளவு. விலைவாசி உயர்வைக் கட்டுப்படுத்துவோம் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் நினைவிருக்காது. ஜெயித்து வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் தொடங்கியது. மீதி இரண்டு படி எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்டதும் அதே வரியை வைத்துத்தான். அளவு சொன்னால் அளந்து பார்ப்பார்கள். அதற்குத் துணிந்து சொன்ன வரி என்பதால்தான் எனக்கு அது பிடிக்கும்.

பெரியாரின் ‘கடவுளை மற, மனிதனை நினை’ நான்கே சொல். கேட்பவர் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு ஏவல் வினையில் முடிந்துவிடுகிறது. நம்முடைய கோரிக்கை வரிகளில் பெரும்பாலும் இல்லாதது இந்த வினைதான். ‘கண்டிக்கிறோம்’, ‘வேதனை அளிக்கிறது’ என்றால் அதிகாரி செய்ய வேண்டியது எதுவும் அதில் இல்லை.

1996இல் ரஜினிகாந்த் சொன்னதைப் பாருங்கள். ஜெயலலிதா மறுபடி ஆட்சிக்கு வந்தால் ஆண்டவனே வந்தாலும் தமிழ்நாட்டைக் காப்பாற்ற முடியாது என்றார். அந்தத் தேர்தலில் திமுக, தமாகா கூட்டணி ஜெயித்தது. அந்த ஒரு வரிதான் ஜெயிக்க வைத்தது என்று சிலர் சொல்வார்கள், அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன். ஒரு எடிட்டராக எனக்குப் பட்டது வேறு. அந்த வாக்கியத்தை நடுவில் வெட்டவே முடியாது. ‘வந்தால்’ என்பதில் தொடங்குகிறது, ‘முடியாது’ வரை போனால்தான் அர்த்தம் கிடைக்கிறது. போட்டால் முழுசாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். சாதாரண ஆட்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஒலி இயைபில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2014 நாடாளுமன்றத் தேர்தலில் ஜெயலலிதா ‘மோடியா, லேடியா’ என்று கேட்டார். அதிமுக 39 தொகுதிகளில் 37ஐப் பிடித்தது, வரியும் ஊரெல்லாம் பரவியது. ஆனால் ஸ்டாலின் உடனே மோடியும் இல்லை, லேடியும் இல்லை, என் டாடிதான் என்று அதே ஓசையில் பதில் கொடுத்தார். ஓசை யாருக்கும் சொந்தமில்லை, எதிராளியும் எடுத்துக்கொள்ளலாம். 2016இல் ‘மாற்றம், முன்னேற்றம், அன்புமணி’ சின்னக் குழந்தை வாயில்கூட இருந்தது. பாமகவுக்கு அந்தச் சட்டமன்றத் தேர்தலில் ஓரிடமும் கிடைக்கவில்லை. தோல்விக்குக் காரணம் ஆயிரம் இருக்கலாம். வரியை மட்டும் பார்த்தால், கேட்பவர் பிடித்துக்கொள்ள அதில் ஓசையும் பெயரும்தான் இருந்தன, படி மாதிரி ஒரு பொருள் இல்லை.

அப்புறம், நிறைவேற்ற முடியாததைச் சொல்லாதீர்கள். 1988இல் அமெரிக்க அதிபர் வேட்பாளர் மூத்த ஜார்ஜ் புஷ், என் உதட்டைக் கவனியுங்கள், புதிய வரிவிதிப்பு கிடையாது என்று குடியரசுக் கட்சி மாநாட்டில் சொன்னார். கைதட்டல் பிரமாதம். 1990இல் வரிவிதிப்பை உயர்த்த ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. 1992 தேர்தலில் அந்தப் பழைய காட்சியை எதிரிகள் திரும்பத் திரும்பப் போட்டார்கள், அவர் தோற்றார். ‘நாளைக்குள் தீர்க்காவிட்டால் சாலையை மறிப்போம்’ என்று மைக்கில் சொல்லிவிட்டு நாளன்றைக்கு நான்கு பேர் வந்து நின்றால், அடுத்த முறை உங்கள் சங்கத்தை யாரும் மதிக்க மாட்டார்கள்.

ஒரு தெருவின் பேச்சை வெட்டிப் பார்ப்போம்

ஐப்பசி மழையில் வேளச்சேரிப் பக்கம் ஒரு தெருவில் ஒரு அம்மா பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக்குப் போகிற இடங்களில் நான் கேட்கிற பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

“சார், நாங்க இருபது வருஷமா இங்க இருக்கோம். ஒவ்வொரு மழைக்கும் இதே நிலைமைதான். கவுன்சிலர் வந்தாரு, பாத்தாரு, போயிட்டாரு. கால்வாய் வேலை முடிஞ்சுடுச்சுன்னு ஆபீசருங்க சொல்றாங்க. எங்க முடிஞ்சுது? தெருமுனையில ஒரு பத்தடி இணைக்காம வுட்டுட்டாங்க. தண்ணி எங்க போவும், வீட்டுக்குள்ளதான் வரும். பசங்க ஸ்கூலுக்குப் போவ முடியல. நேத்து ராத்திரி சமையல்கட்டுல பாம்பு வந்துச்சு சார்.”

ஒவ்வொரு சொல்லும் உண்மை. இதில் டெஸ்க் எதை எடுக்கும்? யோசிக்கவே வேண்டாம், பாம்பைத்தான். கடைசியில் வருகிறது, குரல் நடுங்குகிறது, கண் முன்னால் காட்சி நிற்கிறது. ‘வீட்டுக்குள் பாம்பு, குடியிருப்புவாசிகள் அச்சம்’ என்று ஸ்க்ரோல் போகும். பார்க்கிற அதிகாரி பாம்பு பிடிப்பவரை அனுப்பிவைப்பார், அவர் அளவில் கடமை முடிந்தது. இணைக்காமல் விட்ட அந்தப் பத்தடி அடுத்த வருடமும் அப்படியே இருக்கும்.

இப்போது இதைத் திருப்பிப் போடுவோம். பாம்பை விட வேண்டாம், அதுதான் உங்களைத் திரைக்குக் கொண்டுபோகப்போகிறது. அந்த வாக்கியத்துக்குள்ளேயே காரணத்தை முன்னால் வையுங்கள்:

“தெருமுனையில பத்தடி கால்வாய இணைக்காம வுட்டதாலதான் எங்க சமையல்கட்டுக்குப் பாம்பு வருது. அந்தப் பத்தடிய தீபாவளிக்குள்ள இணைச்சுக் குடுங்க.”

பத்து நொடிக்குள் முடிந்துவிடும். டெஸ்க்கில் இருப்பவர் பாம்பை எடுக்க வேண்டுமானால் பத்தடியையும் சேர்த்தே எடுக்க வேண்டும், ஏனென்றால் ‘வுட்டதாலதான்’ என்பதில் நிறுத்த முடியாது. இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டாலும் காரணம் வெளியே போய்விட்டது. முழுசாக வந்தால் யார் என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள் என்பதும் வந்துவிட்டது. இருபது வருடக் கதையையும் கவுன்சிலர் வந்துபோன கதையையும் நிருபரிடம் தனியாகச் சொல்லுங்கள், அரைப்பக்கம் எழுதியும் கொடுங்கள். பத்திரிகை நிருபருக்கு அது உதவும். கேமரா ஓடும்போது வேண்டாம்.

உங்கள் விஷயத்துக்கும் இதே முறையில் எழுதுங்கள். முதலில் நடந்தது எல்லாவற்றையும் ஒரு தாளில் கொட்டிவிடுங்கள். அதில் கேட்பவர் கண் முன்னால் வந்து நிற்கிற ஒரே ஒரு காட்சியைத் தேடிக் கோடு போடுங்கள். அதன் காரணத்தை ‘ஆல்’, ‘அதனால்தான்’ என்று ஒட்டிக் காட்சிக்கு முன்னால் வையுங்கள். பின்னால் ஒரு வினை, ஒரு தேதி. எழுதி முடித்ததும் சங்கத்தில் இல்லாத யாரையாவது, பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணையாவது, எந்த இடத்தில் வேண்டுமானாலும் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்டியபின் உங்களுக்கு எதிராகவோ அர்த்தமில்லாமலோ நிற்கிற துண்டு எது என்று பார்த்து அந்த இடத்தைத் திருத்துங்கள்.

தமிழ் வாக்கியத்தில் கடைசிச் சொல்

இது நம் மொழியில் பேசுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம். தமிழில் வினை கடைசியில் வரும். ‘இல்லை’ கடைசியில் வரும். ‘என்று அவர்கள் சொல்கிறார்கள்’ என்பதும் கடைசியில்தான் வரும். வாலை வெட்டினால் அர்த்தம் தலைகீழாகிவிடும்.

ஒரு ஆஸ்பத்திரி ஊழியர் சங்கச் செயலாளர் இப்படிப் பேசுகிறார் என்று வையுங்கள்: “ஒப்பந்த ஊழியர்கள் யாரும் ஒழுங்காக வேலை செய்வதில்லை, அதனால்தான் வார்டுகள் சுத்தமாக இல்லை என்று நிர்வாகம் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை.” மேடைத் தமிழில் இது நல்ல வாக்கியம். ஆனால் பேசும்போது ‘சுத்தமாக இல்லை’ என்ற இடத்தில் மூச்சு வாங்குவார். எடிட்டிங்கில் ஒலியைக் கோடுகளாகப் பார்க்கிறவருக்கு அந்த மூச்சு ஒரு பள்ளமாகத் தெரியும், வெட்டு அங்கே விழும். திரையில் அவர் முகம், கீழே அவர் பெயர், சங்கப் பொறுப்பு. சொந்த ஊழியர்கள் வேலை செய்வதில்லை என்று அவரே சொன்னதாக ஆகிவிட்டது. யாரும் திட்டம்போட்டுச் செய்திருக்க வேண்டியதில்லை, அவசரமே போதும்.

இதற்கு ஒரே வழி, எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டை உங்கள் வாயால் சொல்லாமல் இருப்பது. “நிர்வாகம் சொல்வது தவறு. ராத்திரி அறுபது படுக்கைக்கு ஒரே ஒரு ஒப்பந்த ஊழியர்தான் இருக்கிறார். மூன்று பேர் போடுங்கள்.” தீர்ப்பு முதலில் வந்துவிட்டது, பின்னால் வருவது உங்கள் தரப்பு உண்மை. எங்கே வெட்டினாலும் உங்களைத் திருப்பி அடிக்காது. மறுப்பு முன்னாலேயே வந்துவிடுகிற ஆங்கிலத்திலேயே 1973 நவம்பரில் அமெரிக்க அதிபர் நிக்சன், நான் மோசடிக்காரன் அல்ல என்று சொல்லப்போய், மோசடிக்காரன் என்ற சொல்தான் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ‘நான் திருடன் இல்லை’ என்று முடிகிற தமிழில் எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

கேமரா ஓடும்போது

நிருபரின் கேள்வி திரையில் வராது, உங்கள் பதில் மட்டும்தான் வரும். அதனால் ‘ஆமாம்’, ‘அதுதான் பிரச்சினை’, ‘அவர் சொன்ன மாதிரி’ எல்லாம் உபயோகப்படாது. எது, எவர் என்று பெயர் சொல்லிப் பேசுங்கள்.

‘ஆமாம்’ ஆபத்தும்கூட. “அப்போ அரசாங்கம் முழுசா தோத்துடுச்சுன்னு சொல்றீங்களா?” என்று கேட்பார்கள். கோபத்தில் தலையாட்டினால் போதும், ‘அரசு தோல்வி: பொதுமக்கள் ஆவேசம்’ என்று கார்டு தயாராகிவிடும். அது நிருபருடைய வரி, உங்களுடையது இல்லை. மறுநாள் அந்தக் கார்டைக் காட்டி அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்படிக் கேட்டால் மறுபடியும் உங்கள் வரியையே சொல்லுங்கள். மூன்று விதமாகக் கேட்டால் மூன்று முறையும் அதே வரி. நேரில் நிற்பவர்களுக்கு அலுப்பாக இருக்கும். டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவருக்கு எடுக்க வேறு எதுவும் இருக்காது.

வரியைத் தொடங்குமுன் ஒரு நொடி, முடித்தபின் ஒரு நொடி வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். வெட்டு எங்கே விழ வேண்டும் என்று நீங்களே இடம் காட்டுவது அது. ஒருவர் மட்டும் பேசுங்கள். நம் ஊரில் மைக்கைப் பார்த்ததும் ஐந்து பேர் சேர்ந்து பேசுவோம், ஒருவர் குரலும் தேறாது. ஜெனரேட்டர், பஸ் ஸ்டாப் பக்கத்தில் நிற்காதீர்கள். பெயரையும் பொறுப்பையும் தாளில் எழுதி நிருபர் கையில் கொடுங்கள், திரையில் பிழையில்லாமல் வரும். சேப்பாக்கத்திலோ வள்ளுவர் கோட்டத்திலோ கூடுவதாக இருந்தால் காலையிலேயே பேசி முடித்துவிடுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொடுத்த பைட் மாலைச் செய்திக்கு வந்து சேர்வது கஷ்டம்.

கையில் ஒரு பொருள் இருந்தால் இன்னும் நல்லது. 2021 தேர்தல் பிரசாரத்தில் உதயநிதி ஒரு செங்கல்லைத் தூக்கிக் காட்டி, மதுரை எய்ம்ஸ் இவ்வளவுதான் என்றார். 2019இல் அடிக்கல் நாட்டிய மருத்துவமனை என்ன ஆனது என்ற கேள்வி முழுக்க அந்தக் கல்லில் இருந்தது, அறிக்கை தேவைப்படவில்லை. உங்கள் குழாயில் கலங்கல் தண்ணீர் வந்தால் அதே தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

எல்லாவற்றையும் உங்கள் போனிலும் முழுசாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இது கட்டாயம்.

அடுத்தவர் வரி உங்களிடம் வரும்போது

2017 டிசம்பர் 31 அன்று கோடம்பாக்கம் ராகவேந்திரா மண்டபத்தில் ரஜினிகாந்த் அரசியலுக்கு வருவதாக அறிவித்தார். உண்மை, உழைப்பு, உயர்வு என்று மோனையோடு ஒரு வரி வைத்திருந்தார். அதே பேச்சில், உங்கள் கொள்கை என்ன என்று ஒருவர் கேட்டதும் ஒரு நிமிடம் தலை சுற்றிவிட்டது என்று சிரித்தபடி சொன்னார். பல வருடம் ஊரில் சுற்றியது அந்தத் தலைசுற்றல்தான். அந்தத் துண்டை மட்டும் பார்த்தவருக்கு, அவர் அதே மேடையில் வேறு என்ன சொன்னார் என்பது தெரியவே தெரியாது. அவரை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் முழுப் பேச்சைக் கேட்டுவிட்டு எதிர்ப்பதற்கும் துண்டைப் பார்த்துவிட்டு எதிர்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஒரு கார்டு வந்தால் அதில் இருக்கும் தேதியைப் பாருங்கள், பழைய கார்டுகள் புதிதுபோல் சுற்றும். அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில் அதே கார்டு இருக்கிறதா என்று தேடுங்கள். லோகோவை ஒட்டிப் போலியாகச் செய்வது இப்போது ரொம்ப சுலபம், சில சமயம் எழுத்துரு காட்டிக்கொடுக்கும். யூடர்ன் போன்ற சரிபார்ப்புத் தளங்களில் தேடினால் தேர்தல் நேரத்துப் போலிக் கார்டுகள் பல சிக்கும். வீடியோ உண்மையானதுதான் என்றால், கேட்ட கேள்வி என்ன, அடுத்த வாக்கியம் என்ன என்று முழுப் பதிவில் பாருங்கள். மேலே சொன்னபடி, வெட்டுப்பட்ட வாலில் ‘இல்லை’ இருக்கலாம்.

உங்கள் பேச்சையே திரித்து வெட்டிவிட்டார்கள் என்றால்

முதலில் நிருபருக்கு போன் செய்யுங்கள். பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்காது, வெட்டியது டெஸ்க். உங்கள் போனில் இருக்கும் முழுப் பதிவை அவருக்கு அனுப்பி, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை போட வேண்டும் என்று குறிப்பிடுங்கள். அதே பதிவைச் சங்கத்தின் பக்கத்திலும் போடுங்கள். நான் டெஸ்க்கில் இருந்தபோது இப்படி ஆதாரத்தோடு வந்த பலவற்றை அடுத்த புல்லட்டினிலேயே மாற்றியிருக்கிறோம். ‘தப்பா போட்டுட்டீங்க’ என்று சத்தம் மட்டும் போட்டால் யாருக்கும் எதை மாற்றுவது என்றே தெரியாது.

அதற்கும் அசையவில்லை என்றால் எழுத்தில் புகார் கொடுங்கள். கேபிள் டிவி விதிகளில் 2021இல் செய்த திருத்தத்தின்படி முதல் புகாரைச் சேனலுக்கே அனுப்ப வேண்டும், அவர்கள் 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ, அந்தச் சேனல் உறுப்பினராக உள்ள சுயக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். பத்திரிகை என்றால் இந்தியப் பத்திரிகை கவுன்சில். புகாரில் ஒளிபரப்பான தேதி, நேரம், நிகழ்ச்சியின் பெயர் மூன்றும் இருக்கட்டும். டிவி திரையைப் போனில் பிடித்த பதிவையும் உங்கள் முழுப் பேச்சின் பதிவையும் சேர்த்து அனுப்புங்கள்.